எல்லா மஞ்சளும் சிக்கிள் செல் மஞ்சள் இல்லை

கண் மருத்துவரான எனக்கு இந்த மழைக்காலத்தில் இப்படி வருவது இது மூன்றாவது ஆள். நீலகிரி கூடலூர்ப் பக்கத்துப் பையன், வயது 22, சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து உடையும் பரம்பரை ரத்தநோய்) உள்ளவன். வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்கிறான், அவ்வளவுதான். ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பார்த்தால் கருவிழிக்குப் பின்னால், அடியில், தெளிந்த கஞ்சி போல வெள்ளணுக்கள் படிந்து நிற்கின்றன. விழித்திரையே தெரியாத அளவுக்கு உள்ளே கலங்கல்.

ஆறு வாரத்துக்கு முன்னால் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணில் மஞ்சள். “இவனுக்குச் சின்ன வயசுலேருந்தே கண்ணு மஞ்சள்தான் மேடம்” என்றார் அம்மா. வலியும் வீட்டுக்குப் பழகியதுதான். அதனால் எல்லாமே சிக்கிள் செல் கணக்கில் ஏறிவிட்டது. கண் சிவந்ததற்கு மட்டும் ‘மெட்ராஸ் ஐ’ என்று மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. முழங்கால் சேற்றில் நாற்று நட்டவன் என்பதை யாருமே கேட்கவில்லை. பரிசோதித்தால் எலிக்காய்ச்சல்.

“அவங்களுக்கு எப்பவும் மஞ்சள்தானே” என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சிவப்பணுக்கள் உடைவதால் வரும் மஞ்சள் வேறு, எலிக்காய்ச்சல் கல்லீரலைத் தாக்கி வரும் மஞ்சள் வேறு. முதலாவதில் பெரும்பாலும் மறைமுக பிலிருபின் (கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத மஞ்சள் நிறமி) கூடும். இரண்டாவதில் நேரடி பிலிருபின் (கல்லீரல் பதப்படுத்தியது) ஏறும், சிறுநீரகம் பாதித்தால் அது வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் ரத்தத்தில் ஏறும். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வரலாம். மொத்த பிலிருபினை மட்டும் பார்த்து ‘வழக்கமானதுதான்’ என்று அனுப்பாதீர்கள். வழக்கத்தைவிட மஞ்சள் கூடியிருக்கிறதா என்பது அம்மாவுக்குத் தெரியும், கேளுங்கள். காய்ச்சலோடு, பீளை இல்லாமல் இரண்டு கண்ணும் சிவந்தால் அதை மெட்ராஸ் ஐ என்று விடாதீர்கள்.

எலிக்காய்ச்சல் கண்ணுக்கு வருவது புதிதா? 1993 வெள்ளத்துக்குப் பின், 1994இல் மதுரையில் இதே போன்ற கண் உள்ளழற்சியோடு (கண்ணுக்குள் வரும் வீக்கம்) ஆட்கள் வரிசையாக வந்தார்கள். நீலகிரியில் சிக்கிள் செல் இருப்பது 1952இலேயே பதிவானது. இரண்டும் ஒரே வயலில் சந்திக்கும் என்று நினைக்க நமக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

இந்த அழற்சி, காய்ச்சல் விட்டு வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வரும். பலருக்குச் சிகிச்சையில் பார்வை திரும்பிவிடும். சிக்கிள் செல் உள்ளவருக்கு விழித்திரையின் நுண்குழாய்கள் ஏற்கெனவே அடைபட்டிருக்கலாம். அதன்மேல் எலிக்காய்ச்சலால் வரும் விழித்திரை ரத்தக்குழாய் அழற்சியும் சேர்வதுதான் எனக்குப் பயம். ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ளவருக்கு வேறு கவலை: எலிக்காய்ச்சலில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. சிக்கிள் செல் உள்ளவருக்குக் கண் அழுத்தம் ஏறியதும், அதைக் குறைக்கும் அசிட்டசோலமைடைக் கைப்பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள், ரத்தத்தில் அமிலம் கூடிச் சிவப்பணுக்கள் வளையும். ஸ்டீராய்டு மாத்திரைகூட வலி நெருக்கடியைக் கிளப்பலாம். எழுதுவதற்கு முன் ரத்தநோய் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள்.

மற்றவர்களுக்கு: எலி கடிக்கவே வேண்டாம், அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் போதும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் பூட்ஸ் போடுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடையில் கேட்டுச் சொட்டு மருந்து விடாதீர்கள். பார்வை மங்கினால் அன்றைக்கே வாருங்கள், தயவுசெய்து.

அப்புறம், சிக்கிள் செல் அட்டையைக் கண் டாக்டரிடமும் காட்டுங்கள். இந்தப் பையனின் அட்டை அம்மாவின் சுருக்குப்பையில், பஸ் டிக்கெட்டோடு மடிந்து கிடந்தது. நான் கேட்ட பிறகுதான் எடுத்தார்.