துணிச்சலான ஆய்வுக்கு மத்திய அரசு நிதி: மலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு சுப்ரா திட்ட விளக்கம்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில், மலைச்சரிவை ஒட்டி 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் நகரும் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய இந்த வேலையை வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு 1970-ல் முடித்தது.

அந்த மாதிரி ஒரு யோசனை இன்று ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலோ வேலை பார்க்கும் ஆசிரியருக்குத் தோன்றினால் பணத்துக்கு எங்கே போவது? வழக்கமான ப்ராஜெக்ட்டுக்கு விண்ணப்பித்தால், முதற்கட்டத் தரவு எங்கே, இதற்கு முன் யார் செய்தார்கள் என்று கேட்பார்கள். யாரும் செய்யாததைச் செய்யப் போகிறவரிடம் அதற்குப் பதில் இருக்காது.

இந்த இடைவெளிக்காக அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், அதாவது எஸ்.இ.ஆர்.பி., கொண்டுவந்ததுதான் சுப்ரா (SUPRA) என்ற மத்திய அரசு நிதித் திட்டம். புதிய கருதுகோளை முன்வைக்கும் ஆய்வுக்கும், நிலைத்துப்போன ஒரு கருத்தையே கேள்வி கேட்கும் ஆய்வுக்கும் இதில் இடம் உண்டு. தோற்றுப்போகும் அபாயம் அதிகம் என்று தெரிந்தேதான் பணம் தருகிறார்கள். பொதுவாக 3 ஆண்டு. வேலை நன்றாகப் போனால் 5 ஆண்டு வரை நீட்டிக்க வழி உண்டு. அந்த வாரியம் இப்போது தனியாக இல்லை. 2023-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஏ.என்.ஆர்.எஃப்., அதன் பொறுப்புகளை எடுத்துக்கொண்டது. அதனால் அழைப்பு வந்திருக்கிறதா என்று அறக்கட்டளையின் இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும். 1 லட்சம் கோடி ரூபாய் என்று செய்தியில் வந்த ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க (RDI) நிதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தனியார் துறை ஆய்வுக்கானது.

விண்ணப்பிக்க முனைவர் பட்டமோ, எம்.டி., எம்.எஸ். போன்ற மருத்துவப் பட்டமோ வேண்டும். நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதி எனக்கு உறுத்துகிறது. நம் அரசுக் கல்லூரிகளில் எத்தனையோ பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். அவர்களிலும் முனைவர்கள் ஏராளம். ஆனால் முதன்மை ஆய்வாளராக அவர்கள் பெயரில் விண்ணப்பம் போட முடியாது. இது மாற வேண்டும்.

சரி, முன்மொழிவை எப்படி எழுதுவது? பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. ‘நீலகிரி சோலைகளின் தாவரப் பன்மை குறித்த ஆய்வு’ என்று எழுதினால், பயனுள்ள வேலையாக இருந்தாலும் சுப்ராவுக்குப் பொருந்தாது. எந்தக் கருத்தோடும் அது மோதவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்களை முழுக்க வெட்டினால்தான் மலையின் இயற்கைக் காடான சோலை திரும்பும் என்கிறார்கள். ஈரமான பள்ளங்களில் சீகையின் நிழல்தான் சோலைக் கன்றுகளைக் காப்பாற்றுகிறது என்பது என் கருதுகோள்.’ பழனி மலையில் அயல்மரத் தோப்புகளுக்குள் சோலைக் கன்றுகள் எழும்புவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், ஆகவே இது காற்றில் கட்டிய கோட்டையும் இல்லை. அடுத்து சோதனையைச் சொல்லுங்கள்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம், ஒன்றில் சீகையை வெட்டி, மற்றதில் விட்டு, மூன்று வருஷம் கன்றுகளை எண்ணுவது. எந்த முடிவு வந்தால் நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வேன் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். கருதுகோள் பொய்த்தாலும் என்ன தரவு மிஞ்சும் என்பது அதற்கு அடுத்த வரி. என்னைக் கேட்டால், முன்மொழிவின் உயிர் இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது.

கருவி, ரசாயனம், ஆய்வு உதவியாளர் சம்பளம், பயணம், நிறுவனத்துக்கான மேல்செலவு எல்லாவற்றையும் பட்ஜெட்டில் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். பணம் கல்லூரி வழியாகத்தான் வரும். முதல்வரின் ஒப்புதல் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வருஷா வருஷம் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போகாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும்.

கல்லூரியில் நல்ல ஆய்வுக்கூடமே இல்லை என்பவர்கள் நேராக சுப்ராவில் குதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. டேர் (TARE) என்றொரு திட்டத்தையும் எஸ்.இ.ஆர்.பி. கொண்டுவந்தது; அதற்கும் அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி ஆசிரியர்கள் ஐ.ஐ.டி., தேசிய ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் பகுதி நேரமாக ஆய்வு செய்ய உதவும் திட்டம் அது. மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கொடைக்கானலில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப்புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில் வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டது அங்கேதான். ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் மியூவான் துகள்களைக் கொண்டு ஓர் இடிமேகத்தில் சுமார் 1.3 ஜிகாவோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அங்கே கணக்கிட்டார்கள். இவற்றில் யாரோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அங்கே கிடைக்கும் தரவு பிறகு சுப்ராவுக்குக் கைகொடுக்கும்.

அப்புறம், காட்டுக்குள் வேலை என்றால் வனத்துறை அனுமதி தனி. முக்கூர்த்தி தேசியப் பூங்காவோ கொடைக்கானல் சரணாலயமோ என்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளர் வரை கோப்பு போகும். நிதி வந்தபின் விண்ணப்பித்தால் மூன்று வருஷத்தில் ஒரு பருவமழை வீணாகும். முன்மொழிவோடு சேர்த்தே அதையும் தொடங்குங்கள். 12 ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030. அதை வைத்து ஆய்வு செய்ய நினைப்பவர்கள் பூக்கும் வருஷம் திட்டக் காலத்துக்குள் விழுகிறதா என்று இப்போதே நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.