எக்ஸ்போசோம்: தமிழில் என்ன சொல்லலாம்?

2005-ல் புற்றுநோய் ஆய்வாளர் கிறிஸ்டோபர் வைல்ட் உருவாக்கிய சொல் எக்ஸ்போசோம். மனிதரின் மரபணுக்கள் மொத்தத்தையும் (ஜீனோம்) படித்தறியும் மனித ஜீனோம் திட்டம் முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கக் கருவி வந்துவிட்டது. ஆனால் அதே ஆள் என்ன சாப்பிட்டார், எதைச் சுவாசித்தார், எந்த வேலை பார்த்தார் என்பதை இன்னும் கேள்வித்தாளை நீட்டித்தான் விசாரிக்கிறோம் என்பது வைல்டின் ஆதங்கம். கருவில் இருக்கும்போதே தொடங்கி வாழ்நாள் முழுக்க ஒருவர்மேல் படுகிற அத்தனை சூழல் காரணிகளையும், அவருடைய பழக்கவழக்கங்களையும் சேர்த்து, ஒரே பெயரில் அழைத்தார்.

சொல்லின் முன்பாதி லத்தீனிலிருந்து வருவது. 'வெளியே வைத்தல்' என்பது மூலப்பொருள். பின்பாதியான 'ஓம்' ஜீனோமைப் பார்த்து ஒட்டியது. அந்த ஜீனோம் என்ற சொல்லே 1920-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் உண்டாக்கியது. இப்போது எதைத் தொகுத்தாலும் வாலில் ஓர் 'ஓம்' சேர்த்துவிடுகிறார்கள்.

பெயர் வைத்தால் போதுமா, அளக்க வேண்டாமா? ஜீனோம் பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கும். சூழல் அப்படியில்லை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தரவு அறிவியல் இங்கேதான் உள்ளே வருகிறது. 2010-ல் சிராக் பட்டேல், அதுல் புட்டே உள்ளிட்ட ஆய்வாளர் குழு அமெரிக்க அரசின் உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டது. இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்பு இருக்கிறதா என்று 266 சூழல் காரணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும், வழக்கமான ஐந்து சதவீத அளவுகோலை (தற்செயலாக அமைய ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உள்ள தொடர்பை ஏற்பது) வைத்தால் சராசரியாக 13 காரணிகள் தற்செயலாகக் 'குற்றவாளி' ஆகிவிடும். அதனால் அளவுகோலைக் கடுமையாக்கி, வெவ்வேறு ஆண்டுகளின் தரவிலும் அதே தொடர்பு திரும்ப வருகிறதா என்று பார்த்தார்கள். அப்படி மிஞ்சியவற்றில் ஒன்று, ஹெப்டாகுளோர் என்ற பழைய பூச்சிமருந்து உடலுக்குள் போய் மாறி, கொழுப்பில் தங்கிவிடும் பொருள். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் ரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களிடம் நீரிழிவு குறைவாகக் காணப்பட்டது.

உடனே கேரட் வாங்க ஓட வேண்டாம். ஒரே நேரத்தில் எடுத்த ரத்த மாதிரி, எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லாது. நீரிழிவு வந்த பிறகு சாப்பாட்டை மாற்றியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். காரணிகளும் தனித்தனியே வருவதில்லை: புகைபிடிப்பவர் ரத்தத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் ஏறும், நிகோட்டின் எச்சமும் ஏறும். எது வேலையைக் காட்டுகிறது என்று பிரித்தெடுப்பதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆங்கில 'எக்ஸ்போஷரை' 'வெளிப்பாடு' என்று பெயர்த்து, 'வெளிப்பாட்டுத்தொகுதி' என்றுதான் முதலில் கை எழுதும். அது சரிவராது. ஒன்று, வெளிப்படுதல் என்றால் உள்ளிருந்து வெளியே வருவது. 'ஈயத்துக்கு வெளிப்பட்ட குழந்தை' என்பது தமிழா? இரண்டு, மரபணு தன் வேலையைச் செய்வதை ஏற்கெனவே 'மரபணு வெளிப்பாடு' என்கிறோம். 'புகை வெளிப்பாட்டால் மரபணு வெளிப்பாடு மாறுகிறது' என்று எழுதிவிட்டுப் படிப்பவர் திணறுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நம்மிடம் 'படுதல்' இருக்கிறதே. மருந்துப் புட்டியில் 'வெயில் படாத இடத்தில் வைக்கவும்' என்று போடுகிறார்கள். தூசி படுகிறது, பனி படுகிறது, பிள்ளைமேல் கண்கூடப் படுகிறது. வெளியிலிருந்து வந்து மேலே சேர்வது என்ற பொருள் இதில் அப்படியே கிடைக்கிறது. ஜீனோமுக்கு மரபணுத்தொகுதி, மரபணுத்தொகை என இரண்டு வழக்குகள் உண்டு. எட்டுத்தொகை கண்ட மொழிக்குத் தொகை போதும் என்பது என் கட்சி. ஆகவே எக்ஸ்போசோமுக்குச் 'சூழல்படுதொகை' என்பேன். கொஞ்சம் நீளம்தான். தனித்த ஒரு காரணியைச் சொல்லும்போது தொகையை விட்டுவிட்டு 'காட்மியம் படுதல்', 'புகை படுதல்' என்றே எழுதலாம். அளவைக் குறிக்க 'படும் அளவு'.