வீட்டு வானிலைக் கருவியும் விமான நிலையமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

வீட்டில் வானிலைக் கருவி வாங்கி மாட்டியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் காரியம், பக்கத்து விமான நிலையத்தில் எவ்வளவு என்று தேடிப் பார்ப்பது. அங்கே 31 டிகிரி செல்சியஸ், தங்கள் கருவியில் 33.6. கருவி தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, அமைப்புகளுக்குள் போய் 2.6 டிகிரியைக் கழித்துவிடுவார்கள். அன்று மாலை மேகம் மூடிக் காற்றும் வீசத் தொடங்கினால், அதே கருவி இப்போது விமான நிலையத்தைவிட இரண்டு டிகிரி குறைவாகக் காட்டும்.

அந்த 2.6 டிகிரிக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. சென்சாரின் சொந்தப் பிழை ஒன்று. அதை மாட்டிய இடமும், வெயில் படாமல் அதை மூடியிருக்கும் கூடும் உண்டாக்கும் பிழை இன்னொன்று. மூன்றாவது, பிழையே அல்ல: இரண்டு இடங்களின் காற்றும் உண்மையிலேயே வேறாக இருப்பது. இந்த மூன்றையும் ஒரே எண்ணால் சரிசெய்ய முடியாது. ஆனால் எந்த வானிலையில், எந்த நேரத்தில் ஒப்பிடுகிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம்.

முதலில் விமான நிலையத்தின் எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வோம். அது மெட்டார் என்ற சுருக்க அறிக்கையில் வருகிறது. அதில் 31/24 என்று இருந்தால் வெப்பநிலை 31, பனிப்புள்ளி 24 (பனிப்புள்ளி என்றால் என்ன என்று பின்னால் பார்ப்போம்). தசமம் கிடையாது. 30.5 ஆனாலும் 31.4 ஆனாலும் 31 என்றுதான் எழுதுவார்கள். ஆகவே அரை டிகிரி வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அறிக்கை வழக்கமாக மணிக்கு ஒரு முறையோ அரை மணிக்கு ஒரு முறையோதான் வரும், அதில் இருக்கும் நேரம் உலகப் பொது நேரம். உங்கள் கருவியோ நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்கிறது. மெட்டார் நேரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, அதே நிமிடத்தில் உங்கள் கருவி என்ன பதிந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு மழை மேகம் கடந்து போகும் பதினைந்து நிமிடத்தில் ஐந்து டிகிரி இறங்கிவிடுவது சாதாரணம். நேரம் பொருந்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்தது இடம். காற்றின் வெப்பநிலையை அளப்பது என்றால் வெயிலும் தரையின் சூடும் நேரடியாகத் தாக்காத காற்றை அளப்பது. 1864-இல் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, பக்கவாட்டில் சாய்வான சட்டங்கள் கொண்ட வெள்ளைப் பெட்டி இதற்காகத்தான் வந்தது. உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி சென்சார் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இடங்களையும் அது ஐந்து தரங்களாகப் பிரிக்கிறது. முதல் தரத்துக்குக் கட்டடம், கான்கிரீட் போன்ற வெப்பம் தரும் பரப்புகள் 100 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். நான்காம் தரத்தில் இடத்தாலேயே 2 டிகிரி வரை பிழை வரலாம், ஐந்தாம் தரத்தில் 5 டிகிரி வரை. சுவரும் சிமெண்டுத் தரையும் சூழ்ந்த வீட்டில் நல்ல இடம் என்று நாம் நினைப்பது கூட இந்தக் கடைசி இரண்டு தரங்களில்தான் விழும். எவ்வளவு விலை உயர்ந்த சென்சார் வைத்தாலும் இது மாறாது.

சரி, பிரிப்பது எப்படி? மேகம் மூடிய, காற்று நன்றாக வீசும் ஓர் இரவு வரும்வரை காத்திருங்கள். வெயில் இல்லாததால் கூடு சூடாகாது. மேகம் போர்வையாக இருப்பதால் தரை வேகமாகக் குளிராது. காற்று வீசுவதால் எல்லா இடத்துக் காற்றும் கலந்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு இடங்களும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். உயர வித்தியாசம் இருந்தால் மட்டும் 100 மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் சென்சாரின் சொந்தப் பிழை. இப்படிப்பட்ட பல இரவுகளின் சராசரியைத்தான் திருத்தமாகப் போட வேண்டும். பகல் உச்சி வெயிலில் பார்த்துத் திருத்தம் போடுவதைப் போலக் கருவியைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை என்பேன்.

இப்போது வெயில் அடிக்கும், காற்றில்லாத பிற்பகலைப் பாருங்கள். இரவில் ஒத்துப்போன கருவி இங்கே இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டினால், சந்தேகம் கூட்டின் மேல் போக வேண்டும். பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கிய கூடு, உள்ளே காற்று ஓடும்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும். காற்று நின்றுவிட்டால் தட்டுகளின் சூடு உள்ளே தேங்கும். தட்டுகள் தூசி படிந்து மங்கினால் இன்னும் மோசம். சிறு மின்விசிறி வைத்த கூடுகள் இந்தப் பிரச்சினையைப் பெருமளவு குறைக்கின்றன.

கூடுதான் காரணமா, இல்லை வீட்டைச் சுற்றிய காற்றே சூடா? இதை முழுக்கத் தீர்க்க நல்ல கூடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கோளாறு சூட்டிலா, ஈரப்பத சென்சாரிலா என்பதற்குப் பனிப்புள்ளி ஒரு நல்ல துப்பு தரும். காற்றை எந்த வெப்பநிலை வரை குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. காற்றைச் சூடாக்கினால் அது மாறாது, நீராவி கூடினாலோ குறைந்தாலோதான் மாறும். ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு, அப்படியல்ல. பனிப்புள்ளி 22 டிகிரி என்று வையுங்கள். காற்று 30 டிகிரியில் இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 62 சதவீதம். அதே காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால் 56 சதவீதம். அதனால் ஈரப்பதச் சதவீதத்தை விமான நிலையத்தோடு நேரடியாக ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பனிப்புள்ளிகளை ஒப்பிட வேண்டும். அவை ஒத்துப்போய் வெப்பநிலை மட்டும் உயர்ந்திருந்தால் ஈரப்பத சென்சாரைக் குறை சொல்ல வேண்டாம், சூட்டைத்தான் தேட வேண்டும்.

பனிப்புள்ளியும் எப்போதும் ஒரே பக்கமாக விலகி நின்றால் ஈரப்பத சென்சார் நழுவியிருக்கலாம். இதைச் சமையல் உப்பை வைத்தே சோதிக்கலாம். ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, முழுவதும் கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்கு வரும்வரை தண்ணீர் விடுங்கள். சென்சாரில் உப்பு படாதபடி இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெப்பநிலை மாறாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அறை 20 டிகிரியில் இருந்தாலும் 30 டிகிரியில் இருந்தாலும் இந்த எண் கிட்டத்தட்ட மாறாது என்பதுதான் இதன் அழகு.

மூன்றாவது நிலைமை, தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவு. வித்தியாசம் பெரிதாக வந்தாலும் பெரும்பாலும் இரண்டு கருவிகளும் சொல்வது உண்மையாக இருக்கும் நேரம் இது. விமான நிலையத்தின் திறந்த வெளியில் தரை தன் வெப்பத்தைத் தடையில்லாமல் வானத்துக்கு இழக்கிறது. வீடுகளுக்கு நடுவே சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டைத் திருப்பித் தருகின்றன, வானத்தின் பாதியைக் கூரைகள் மறைக்கின்றன. உங்கள் வீடு பள்ளத்தில் இருந்தால் கதை தலைகீழ். குளிர்ந்த கனமான காற்று சரிந்து வந்து அங்கேதான் தேங்கும்.

மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹவர்ட் செய்ததும் இதே ஒப்பீடுதான். மருந்துப் பொருள் தயாரிப்பு அவர் தொழில், வானிலை அவருடைய ஆர்வம். லண்டனுக்கு வெளியே தான் எடுத்த அளவுகளை நகருக்குள் ராயல் சொசைட்டி எடுத்த அளவுகளோடு வைத்துப் பார்த்தார். நகரத்தில் இரவு சராசரியாக 3.7 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸ், சூடாக இருந்தது. பகலில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. ஏதோ ஒரு வெப்பமானி பழுது என்று அவர் ஒதுக்கவில்லை. நகரமே தன் காற்றைச் சூடாக்குகிறது என்றார். நகர வெப்பத் தீவு என்று இன்று நாம் சொல்வதைப் பற்றிய முதல் பதிவு அது, 1818-இல் அச்சில் வரத் தொடங்கியது.

காற்றழுத்தம் வேறு விதம். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு நடுவே அது மிகக் கொஞ்சமாகத்தான் மாறும் என்பதால், விமான நிலையத்தை நம்பி அளவு திருத்த இதைவிடத் தோதான அளவு கிடையாது. கவனிக்க வேண்டியது உயரம். கடல் மட்டத்தை ஒட்டி ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். 100 மீட்டர் உயரத்தில் உள்ள வீட்டில் நேரடி அழுத்தம் 996 என்றால், கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம் சுமார் 1008. மெட்டாரில் கியூ1008 என்று வருவது இந்தத் திருத்திய எண். பலர் கருவியின் நேரடி அழுத்தத்தை அதோடு ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள்.

இன்னொரு நுணுக்கம். மெட்டாரில் அழுத்தத்தை எப்போதும் கீழ்நோக்கித்தான் முழு எண்ணாக்குவார்கள், விமானத்தின் உயரமானி உண்மையைவிட அதிக உயரம் காட்டிவிடக் கூடாது என்பதால். 1008.9 ஆனாலும் 1008தான். ஆகவே சரியாக அமைத்த வீட்டுக் கருவி, பல நாள் சராசரியில், மெட்டாரைவிட அரை ஹெக்டோபாஸ்கல் கூடுதலாகவே காட்ட வேண்டும். அச்சு அசலாக ஒத்துப்போனால் உங்கள் கருவி சற்றுக் குறைவாகக் காட்டுகிறது என்று அர்த்தம். வெப்ப மண்டலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனையும் இலவசமாகக் கிடைக்கிறது. அமைதியான நாட்களில் அழுத்தம் காலை, இரவு பத்து மணி வாக்கில் ஏறி, நான்கு மணி வாக்கில் இறங்கும். இந்த இரட்டை அலை உங்கள் வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தால் சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது.

காற்றின் வேகத்தில் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். அதிகாரபூர்வ அளவு திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் எடுப்பது. வெறும் புல்வெளியிலேயே 2 மீட்டர் உயரத்தில் அந்த வேகத்தில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் இருக்கும், வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே அதைவிட மிகக் குறைவு. மெட்டாரின் வேகம் பொதுவாகப் பத்து நிமிடச் சராசரி. சராசரியைவிட குறைந்தது 10 நாட் (knot, அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) கூடுதலாக வீசினால்தான் அதில் பலத்த வீச்சு தனியாகக் குறிக்கப்படும். திசையும் நேரமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும்.

மழைக்கு ஒரு நாளை ஒப்பிட்டுப் பயனில்லை. இடிமழை ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவைத் தொடாமல் போகும். பல மாதங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். வீட்டு மழைமானிகளில் பெரும்பாலானவை சிறு வாளி நிறைந்து கவிழ்வதை எண்ணுபவை. கனமழையில் வாளி கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் போகிறது. பக்கத்தில் கண்ணால் பார்த்து அளவு படிக்கும் சாதாரண மழைமானி ஒன்றை நட்டு அதோடு ஒப்பிடுவதே மேல்.

நார்வேயின் வானிலை நிறுவனம் 2018 முதல் தன் வெப்பநிலை முன்னறிவிப்பைத் திருத்த வீட்டுக் கருவிகளின் அளவுகளைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு கருவியையும் சுற்றியுள்ள மற்ற கருவிகளோடு கணினி ஒப்பிட்டு, விலகி நிற்பதை ஒதுக்கிவிடுகிறது. நீங்களும் சுற்றுவட்டாரத்து வீட்டுக் கருவிகளை இதே போலப் பார்க்கலாம், அவை பல சமயம் விமான நிலையத்தைவிட உங்கள் காற்றுக்கு நெருக்கமானவை. அளவுகளை வெளியே பகிர்கிறீர்கள் என்றால் சென்சாரின் உயரம், கீழே புல்லா சிமெண்டா, சுவர் எத்தனை மீட்டர் தள்ளி, கூட்டைக் கடைசியாகத் துடைத்தது எப்போது என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். எண்ணைப் பார்ப்பவர் அதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவுசெய்ய அந்த நான்கு வரி தேவை.