ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

இணையத்தில் தேடினால் 120 என்றும் கிடைக்கும், 150 என்றும் கிடைக்கும். இரண்டுமே பொய்யில்லை. மாவைக் கிளறி இளக்கிவிட்டு, ஸ்பூனால் 240 மில்லி கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 120 கிராம் சுமார் வரும். அதே கப்பை டப்பாவுக்குள் நேராக அமுக்கி அள்ளினால் 145, 150 வரை ஏறும். மாவு அதேதான், துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் கூடிக் குறைகிறது.

மூன்று கப் மாவுக்கு 240 மில்லி தண்ணீர் என்று ஒரு ரொட்டிக் குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். மாவு 360 கிராம் என்றால் தண்ணீர் அதில் 67 சதவீதம்; பிசையும்போது மெத்தென்று இருக்கும். அமுக்கி அள்ளியதில் மாவு 450 கிராம் ஆகிவிட்டால் தண்ணீர் 53 சதவீதம்தான். மாவு இறுகும், உப்பத் திணறும், ரொட்டி கனத்துப்போகும். பழி மட்டும் ஈஸ்ட் மேல் விழும்.

கப்பிலும் ஒற்றுமை கிடையாது. அமெரிக்காவில் 237 முதல் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி. பெரும்பாலான மற்ற இடங்களில் 15. எல்லாப் பொருளையும் கப்பிலேயே சொல்லும் குறிப்பென்றால் எந்தக் கப்பும் போதும், விகிதம் கெடாது. நடுவே இரண்டு முட்டை, ஒரு பாக்கெட் ஈஸ்ட் என்று வந்தால்தான் சிக்கல். உங்கள் கப்பின் கொள்ளளவு தெரியாவிட்டால், அதைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் மில்லி.

240 மில்லி கப்புக்கு: சர்க்கரை 200 கிராம், பொடித்த சர்க்கரை 120, கார்ன்ஃப்ளார் 125, கோகோ 85 முதல் 100, ஓட்ஸ் 90 முதல் 100, அரிசி 185 முதல் 200. பழுப்புச் சர்க்கரையை அழுத்தி நிரப்பினால் 215. தளர்வாகப் போட்டால் 150கூடத் தேறாது. வேறு கப் என்றால் இந்த எண்ணை உங்கள் கப்பின் மில்லியால் பெருக்கி 240ஆல் வகுக்கவும். 250 மில்லி கப்பில் சர்க்கரை 208 கிராம். சர்க்கரைக்கும் அரிசிக்கும் இந்தக் கணக்கை நம்பலாம். மாவுக்கும் கோகோவுக்கும் உங்கள் கையால் மூன்று முறை நிரப்பி, எடைபோட்டு, சராசரியை டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எந்தப் பட்டியலையும்விட அதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

உப்பில் கவனம் அதிகம் வேண்டும். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். லேசான செதில் உப்பு அதே ஸ்பூனில் 3 கிராம்தான் இருக்கக்கூடும். செதில் உப்புக்கு எழுதிய குறிப்பில் தூள் உப்பை அதே ஸ்பூன் கணக்கில் போட்டால் இரண்டு மடங்கு கரிக்கும்.

அவுன்ஸ் எடைக்கும் உண்டு, திரவத்துக்கும் உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். '8 அவுன்ஸ் மாவு' என்றால் 227 கிராம். 8 திரவ அவுன்ஸ்தான் ஒரு கப்; இந்த 227 கிராம் மாவு ஒரு கப் அல்ல, கிட்டத்தட்ட இரண்டு கப்.

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு 3 கிராம் ஈஸ்ட்டுக்கு உதவாது. அங்கே டீஸ்பூனே மேல். பூஜ்யமாக்கிய பிறகு சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அதைக் கண்டுகொள்ளாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். தனிக் கிண்ணத்தில் எடுத்து ஒரே தடவையில் கொட்டுங்கள்.