நாடற்றவர்: சொல் விளக்கம்

எந்த நாடும் தன் சட்டப்படி 'எம் குடிமகன்' என்று ஏற்காதவர் நாடற்றவர். 1954-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை தரும் வரையறையும் ஏறத்தாழ இதுதான். நாடு + அற்றவர். 'அறு' என்ற வேரில், இருந்தது அறுந்துபோன பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறப்பிலேயே இப்படியானவரை 'நாடிலி' எனலாம்.

பத்திரிகைகள் இதை 'அகதி'யோடு குழப்பும். அகதி வடசொல்: கதியற்றவர். நெல்லைப் பக்கத்து 'நாதியத்தவன்' இதற்கு நெருக்கம். தப்பி வந்த அகதியின் பையில் சொந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கலாம். நாடற்றவருக்கு அதுதான் இல்லை. 'ஏதிலி'யும் பொருந்தாது. 'ஏதிலார் குற்றம்போல்' என்ற குறளில் (190) ஏதிலார் வெறும் அயலாரே.

ரஷ்ய நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ் 1919-இல் நாட்டைவிட்டுப் போனார். வெளியேறியவர்களின் குடியுரிமையை 1921 டிசம்பரில் சோவியத் அரசு பறித்தது. 1945-இல் அமெரிக்கக் குடிமகனாகும்வரை அவர் நாடற்றவர். இப்படிப்பட்டவர்களுக்காக 1922-இல் வந்த பயணச் சான்றுதான் நான்சென் பாஸ்போர்ட். இதைக் 'கடவுச்சீட்டு' என்று பெயர்ப்பது சரியல்ல. கொடுத்த நாடே திரும்பச் சேர்க்கும் கட்டாயம் அதில் முதலில் இல்லை. 'அடையாளச் சான்று' போதும்.

பெர்லினில் அவர் எழுதிய முதல் நாவல் 'மாஷென்கா' (1926). ரயில் பாதையோரத்து விடுதி. அறைக் கதவுகளில் எண்ணுக்குப் பதில் பழைய காலண்டரில் கிழித்த ஏப்ரல் தேதிகள்! இடத்தைத் தேதியால் அடையாளம் சொல்வது ஊர் போனவன் புத்தி. நாயகனிடம் இரண்டு பாஸ்போர்ட்: ரஷ்யப் பாஸ்போர்ட் அசல், ஆனால் பழையது, போலந்துப் பாஸ்போர்ட் போலி. வயதான கவிஞர் ஒருவர் பாரிஸ் போக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். கடைசியில் பாஸ்போர்ட் கையில் வருகிறது, போகிற வழியிலேயே தொலைத்துவிடுகிறார். அந்தத் தாளின் எடை தெரிந்தவர்தான் இப்படி எழுத முடியும்.

"நமக்கு எந்த ஊரு?" என்பது திருநெல்வேலிச் சீமையில் புதியவரிடம் கேட்கும் முதல் கேள்வி. நாடற்றவரும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார். அவருக்கு ஊர் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களும் பாட்டன் ஊரை மறக்கவில்லை. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கேட்டதோ அப்பன், இல்லையேல் பாட்டனும் பூட்டனும், அங்கே பிறந்த சான்றை. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டில் அதை எங்கே தேட? 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை தீரவில்லை. இவர்களைக் குறிக்க 'புலம்பெயர்ந்தோர்' என்று எழுதுகிறார்கள். பெயர்ந்தது அவர்களுடைய பாட்டன்மார். இங்கே வேண்டிய சொல் நாடற்றவர்.