நிறை எண் 13: கார்பனும் ஹைட்ரஜனும் குறைந்த ஆற்றலில் இணையுமா?

கார்பன் அணுக்கருவோடு, ஹைட்ரஜனின் கருவான புரோட்டான் இணைவது கற்பனையான நிகழ்வு அன்று. ஹான்ஸ் பெத்தேயும் கார்ல் ஃபான் வைட்சேக்கரும் 1930களின் இறுதியில் தனித்தனியே முன்வைத்த, விண்மீன்கள் ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியில் அது ஒரு முக்கியமான படி. அச்சுழற்சி சூரியனில் நடைபெறுவதை, இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் இயங்கிய போரெக்சினோ கருவி 2020இல் அதில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைக் கொண்டு உறுதிசெய்தது. நிறை எண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) 12 ஆன சாதாரணக் கார்பன்-12 ஒரு புரோட்டானைப் பற்றிக்கொண்டு நைட்ரஜன்-13 ஆகும்போது ஏறத்தாழ 19.4 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. நைட்ரஜன்-13 நிலையற்றது, சுமார் 10 நிமிட அரை ஆயுளுடன் பாசிட்ரானை (நேர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரானை) உமிழ்ந்து கார்பன்-13 ஆகிறது. 1934இலேயே கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்ட்டனும் முடுக்கிய புரோட்டான்களைக் கார்பன்மீது செலுத்தி இக்கதிரியக்கத்தைக் கண்டனர். ஆகவே வினை மெய்யானது. அது முடுக்கியும் விண்மீனும் இல்லாமல், ஓர் எஃகுக் கலனுக்குள் நடக்குமா என்பதே வழக்கு.

1989 மார்ச்சில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ளைஷ்மனும் பான்ஸும் அறிவித்த 'குளிர் இணைவு' (அறை வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைகின்றன என்னும் கோரிக்கை) பல்லேடியத்தையும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தையும் பற்றியது. கார்பனை நடுவில் வைத்த கோரிக்கை பின்னர் ஜப்பானிலிருந்து வந்தது. கரித்தாரில் கிடைக்கும் பினாந்திரீன் என்னும் ஹைட்ரோகார்பனைப் பிளாட்டினம் வினையூக்கியுடன் உயர் அழுத்த ஹைட்ரஜனில் சூடாக்கியபோது, வேதிவினையால் விளக்க இயலாத வெப்பமும் இயல்பைவிட மிகுந்த கார்பன்-13உம் கிடைத்ததாக ததாஹிகோ மிசுனோ 2008இல் தெரிவித்தார்.

இதற்கு எதிரான முதல் வாதம் மின்விலக்கத்திலிருந்து எழுகிறது. ஆறு நேர்மின்னூட்டங்கள் கொண்ட கார்பன் கருவைத் தொட, புரோட்டான் சுமார் 20 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் உயரமுள்ள தடையைக் கடக்க வேண்டும். சில நூறு டிகிரி வெப்பத்தில் அதன் இயக்க ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் சிறு பின்னமே. சூரிய மையத்திலும் இவ்வினை பெரும்பாலும் 24,000 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியே, தடையின் உச்சியை எட்டாமலே துகள் அதைக் கடக்கும் குவாண்டம் ஊடுருவலின் துணையால் நிகழ்கிறது. அங்கே ஊடுருவும் நிகழ்தகவு ஏறத்தாழ 10¹⁶இல் ஒன்று. கலனுக்குள் எலக்ட்ரான்கள் கருவின் மின்னூட்டத்தை மறைத்துத் தடையைத் தணிக்கின்றன என்பது உண்மையே. அத்தணிப்பு 500 எலக்ட்ரான் வோல்ட் என்று தாராளமாகக் கொண்டாலும் நிகழ்தகவு 10¹¹⁰இல் ஒன்றையும் எட்டாது. ஒரு கிராம் ஹைட்ரஜனின் ஒவ்வோர் அணுவும் நொடிக்கு 10¹⁴ முறை வீதம் ஓராண்டு முழுவதும் முயன்றாலும் மொத்த முயற்சிகள் 10⁴⁵ அளவில்தான் நிற்கும்.

இந்தக் கணக்கை மறுப்பதைவிட அதைச் சுற்றிச் செல்லவே மாற்றுக் கோட்பாடுகள் முயல்கின்றன. புரோட்டானும் எலக்ட்ரானும் முதலில் இணைந்து நியூட்ரான் ஆகின்றன, மின்னூட்டமற்ற நியூட்ரானுக்குத் தடையே இல்லை என்பது ஆலன் விடம், லூயிஸ் லார்சன் ஆகியோரின் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம். நேர்த்தியான சிந்தனைதான், ஆனால் அந்த நியூட்ரானை உண்டாக்கவே 7.8 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் தேவை, அதை ஓர் எலக்ட்ரானிடம் குவிக்கும் வழி இதுவரை ஆய்வகத்தில் காட்டப்படவில்லை. எலக்ட்ரான் கருவுக்கு மிக அருகே ஒடுங்கிய 'சுருங்கிய ஹைட்ரஜன்' மற்றொரு கருதுகோள். எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனமான மியூவான் அப்படி ஒடுங்கி இணைவைத் தூண்டுவது 1956இல் அல்வாரெஸ் குழுவினரால் காணப்பட்ட உண்மை. சாதாரண எலக்ட்ரானுக்கு அத்தகைய நிலை இருப்பதை எந்த நிறமாலையும் உறுதிசெய்யவில்லை.

என் பார்வையில் தடையைவிடக் கடினமான கேள்வி, கதிர்வீச்சு எங்கே என்பது. நைட்ரஜன்-13 வழியே ஒரு வாட் வெப்பம் கிடைக்க, நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி வினைகள் நடக்க வேண்டும். கலன் அதே எண்ணிக்கையில் பாசிட்ரான்களையும், அவை அழியும்போது தோன்றும் 5.11 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர்களையும் உமிழும். மருத்துவமனையில் பெட் ஸ்கேனுக்குச் செலுத்தப்படும் மருந்தின் கதிரியக்கத்தைவிட இது ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். நியூட்ரான் வழி என்றாலும், கார்பன்-12 அதைப் பற்றும்போது சுமார் 49.5 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் விடுபடுகிறது. அவ்வாற்றல் முழுவதும் ஓசையின்றி வெப்பமாகிறது என்போர், தடைக்கு ஒன்றும் காமாவுக்கு ஒன்றுமாக இரண்டு அற்புதங்களைக் கேட்கின்றனர்.

எஞ்சுவது கார்பன்-13 என்னும் சான்று. இயற்கைக் கார்பனில் இது சுமார் 1.1 விழுக்காடு இருக்கிறது. அதன் நிறை 13.00335. கார்பன்-12 அணுவோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டிய மூலக்கூறுத் துண்டின் நிறையோ 13.00783. இரண்டையும் பிரித்துக் காட்ட அணுக்களையும் மூலக்கூறுகளையும் நிறைவாரியாகப் பிரிக்கும் நிறைமாலைமானிக்கு 3,000 அளவிலான பிரிதிறன் (நிறையில் மூவாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் பிரித்தறியும் திறன்) வேண்டும். அதற்குக் குறைந்த கருவியில் இரண்டும் 13 என்ற ஒரே இடத்தில் விழும். ஹைட்ரஜனில் ஊறவைத்த ஹைட்ரோகார்பன் மாதிரியில் இத்துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. வெப்பக் கணக்கிலும் இதே இடர்ப்பாடு உண்டு: பிளாட்டினத்தின் முன்னிலையில் பினாந்திரீன் ஹைட்ரஜனை ஏற்பதே வெப்பம் உமிழும் வேதிவினை.

மாதிரியை முழுவதும் எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கி, ஹைட்ரஜனின் தலையீடு நீங்கிய பிறகு ஐசோடோப்பு விகிதத்தை (கார்பன்-13க்கும் கார்பன்-12க்கும் உள்ள விகிதத்தை) அளப்பது புவிவேதியியலாளர்கள் நாள்தோறும் செய்யும் வேலை. விகிதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தையே அவர்கள் எளிதில் கண்டுவிடுவர். புதிய கோட்பாட்டை எழுதுமுன், வினைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை, எது எதுவென்று சொல்லாமல், தனித்தனி ஆய்வகங்களுக்கு அனுப்பி அந்த எண்ணைப் பெறுவதே முதல் வேலை.