லல்வொர்த் குடா வட்டமானது எப்படி?

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில் இருக்கிறது லல்வொர்த் குடா. கோடை விடுமுறை வந்துவிட்டால் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. குன்றின்மேல் நின்று பார்த்தால் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் ஏறக்குறைய வட்டமான நீர்ப்பரப்பு. கடல் உள்ளே வர ஒரே ஒரு குறுகிய வாசல். இந்த வடிவத்தில் கடலுக்கு எவ்வளவு பங்கோ, பாறைகள் நிற்கும் வரிசைக்கும் அவ்வளவு பங்கு.

கடல்பக்கமிருந்து வந்தால் முதலில் போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கல் இந்த இனம்தான், அவ்வளவு உறுதி. அடுத்தது பர்பெக் எனப்படும் பாறை அடுக்குகள். அப்புறம் வீல்டன் எனப்படும் மணலும் களிமண்ணும், கையால் சுரண்டினாலே உதிரும். கடைசியில் சீமைச்சுண்ணாம்புக் குன்று, அதாவது சாக் எனப்படும் வெள்ளைப் பாறை. இவையெல்லாம் ஒருகாலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தவை. ஆல்ப்ஸ் மலையை எழுப்பிய அதே நில நெருக்கம் இங்கே இவற்றை மடித்துச் சாய்த்துவிட்டது. அதனால் சுண்ணாம்புக்கல் கரையோரம் நீளவாக்கில் ஒரு மதில்போல் நிற்கிறது.

மதிலைக் கடல் தானே உடைத்துக்கொண்டு வந்தது என்றுதான் எளிதில் தோன்றும். ஆனால் வழியைத் திறந்ததில் குன்றிலிருந்து இறங்கிய ஓர் ஓடைக்கும் பங்கு உண்டு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது அந்த இடைவெளி வழியே அலை உள்ளே புகுந்தது. உள்ளே இருப்பதோ களிமண். வேகமாகக் கரைந்தது. பின்பக்கம் சீமைச்சுண்ணாம்பு தடுத்ததால் குடா இடமும் வலமுமாக அகன்றது.

சரி, ஏன் வட்டம்? பிளஸ் டூ இயற்பியலில் ஒளிக்குச் சொல்லித்தரும் விளிம்பு விளைவு கடலலைக்கும் பொருந்தும். குறுகிய வாசலைத் தாண்டியதும் அலை நேராகப் போகாமல் விசிறியாக விரிகிறது. அந்த வில்வளைவு அலைகள் தொட்ட இடமெல்லாம் கரையும் வளைந்துகொடுத்தது. விரிந்த அலையின் வலு நீளமான கரையில் பங்கிடப்படுவதால், வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே நீர் ஓரளவு அடங்கியே இருக்கும்.

இந்த ஊரின் உண்மையான சுவாரசியம், குடாவின் இளமையையும் முதுமையையும் பக்கத்திலேயே பார்க்கலாம் என்பதுதான். மேற்கே சில நிமிட நடையில் ஸ்டேர் ஹோல். அங்கே கடல் மதிலில் வளைவுகளைக் குடைந்துவிட்டது; பின்னால் களிமண் சரியத் தொடங்கிவிட்டது. அதன் பக்கச்சுவரில் பர்பெக் அடுக்குகள் கசங்கி நெளிந்திருப்பதைத் தவறவிடாதீர்கள். இன்னும் மேற்கே போனால் மேன் ஓ வார் விரிகுடா. அங்கே மதில் பெரும்பாலும் போய்விட்டது. நீரில் தலைகாட்டும் பாறை வரிசைதான் மிச்சம். அதற்கடுத்த டர்டில் டோர் வளைவும் அதே சுண்ணாம்புக்கல்லின் எச்சமே.

நம் சோழமண்டலக் கரையின் பெரும்பகுதி ஆறும் கடலும் சேர்த்துக் குவித்த மணலும் வண்டலும். முன்னால் கெட்டிக் கல், பின்னால் இளகிய மண் என்ற வரிசை அங்கே இல்லை. மெரினா நீண்டு கிடப்பது அதனால்தான்.

லல்வொர்த் கரையில் மணலைத் தேடாதீர்கள், கூழாங்கல்தான். செருப்பில்லாமல் நடப்பது சிரமம். சீமைச்சுண்ணாம்புக்குள் இருந்த சிக்கிமுக்கிக் கற்கள் விழுந்து, உருண்டு, வழவழப்பானவை அவற்றில் நிறைய. அதாவது பின்னாலுள்ள குன்று இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அடிவாரத்து நிழலில் துண்டு விரிக்காதே என்று அங்கே பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.